கண்ணாடிக்கு இரண்டு பிஸ்கட்

03.06.2025 செவ்வாய்

பத்தொன்பதாம் நாள். பதிகம் பதினொரு பாட்டும் முடித்தேன். பாடினேன் என்று எழுத மனம் வரவில்லை.

நாலாம் பாட்டில் சுண்டு வாசற்கதவடியில் நின்று குரைத்தது. உண்மையாகவே ஆரோ வந்தது போல, வாலை விறைத்துக்கொண்டு. எழும்பிப் போய்த் திறந்தால் நடையில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்தால் நாய் கதிரையில் ஏறி, கதிரையிலிருந்து மேசையில் ஏறி, இவருக்கு மூடி வைத்த ரொட்டியில் ஒன்று குறைவு. மூடி திரும்ப மூடியபடியே இருக்கிறது. இவர்தான் மூடியிருக்க வேண்டும். கேட்டால் யன்னலைப் பார்க்கிறார்.

இது நாலாவது முறை. கொப்பியில் குறித்திருக்கிறேன்: மே 24, 28, யூன் 1, இன்று. நாலும் காலைப் பூசை நேரம். நான் கண்ணை மூடும் நேரம் அந்தச் சீவனுக்குத் தெரியும்.

நாற்பத்தெட்டு நாள் நேர்த்தி. இவருடைய நெஞ்சை வெட்டத்தான் வேண்டுமா, மருந்தோடு சமாளிக்கலாமா என்று யூலை ஏழாம் திகதி கிளினிக்கில் சொல்வார்கள். வெட்டாமல் முடிய வேண்டும் என்றுதான் இருக்கிறேன். பாட்டின் நடுவில் எழும்பக்கூடாது, எழும்பினால் முதலிலிருந்து – கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதி வைத்த ஒழுங்கு. இன்று முதலிலிருந்து பாடினேன். இவருக்குக் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான்.

இனி எழும்புவதில்லை. குரைத்துச் சாகட்டும்.

05.06.2025 வியாழன்

குளிப்பாட்ட வாளியை எடுத்ததும் சுண்டு இடது காலை நொண்டியது. போன கிழமை நொண்டியது வலது கால்.

07.06.2025 சனி

அடுத்த வீட்டு லுத்பியாவுக்குப் பெருநாள். தட்டோடு வந்தாள். நேர்த்தி முடியும்வரை நான் முட்டை தொடமாட்டேன் என்று தெரிந்து வட்டிலப்பத்தை இவருக்கும் முட்டை சேராத தொதலை எனக்கும் தனித்தனியாகக் கொண்டுவந்திருக்கிறாள். வாசற்படி தாண்டாமல் நின்றுகொண்டு, “அன்ரி, ஒங்கட நாய் உள்ளுக்கா ஈக்கிது?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டினாள். பாவம், பெருநாளுக்கு உடுத்த புதுச்சட்டை.

“காலையில என்னா சத்தம் அன்ரி, அலாரம் வைக்கத் தேவயே இல்ல எங்களுக்கு.”

சிரித்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் கறுத்துவிட்டது.

நாயின் வியாபாரத்தையும் எழுதி வைக்க வேண்டும். முதலில் சாமானைக் களவெடுக்கும். பிறகு நாங்கள் பார்க்கக்கூடிய தூரத்தில் வாயில் வைத்துக்கொண்டு நிற்கும். மாரி பிஸ்கட்டைக் காட்டினால்தான் கீழே போடும். செருப்புக்கு ஒன்று. ரிமோட்டுக்கு ஒன்று. இவருடைய கண்ணாடிக்கு ஒன்றைக் காட்டினால் பின்னால் போகும், இரண்டைக் காட்டினால் போடும். கண்ணாடி இல்லாமல் இவருக்குப் பேப்பர் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? நிருஷா மெல்பேர்னுக்குப் போகும்போது, “அம்மா, ஒரு சுண்டு அரிசியளவு நாய்தானே, உங்களுக்கு என்ன கரைச்சல்?” என்று விட்டுவிட்டுப் போனவள். அவளுக்கென்ன.

10.06.2025 செவ்வாய்

முழங்கால் வலி. லிஃப்ட் மூன்றாம் நாளாக வேலை செய்யவில்லை. மருந்துக்கு ஒரு தரம், மரக்கறிக்கு ஒரு தரம், நாய் மூத்திரம் பெய்ய இரண்டு தரம். ஐந்து மாடி. ஒரு நாளைக்கு நாலு தரம்.

நாயை அனுப்பப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இவருடைய கந்தோரில் வேலை செய்த அனுஜன் ஹெந்தளையில் இருக்கிறான். வளவு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபத்திரண்டாம் திகதி ஞாயிறு வந்து கொண்டுபோவதாகச் சொன்னான்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “சரி. உமக்கும் ஏலாதுதானே,” என்றார். அதைவிட ஏசியிருக்கலாம்.

14.06.2025 சனி

முப்பதாம் நாள். ஏழாம் பாட்டில் குரைத்தது. எழும்பவில்லை. ஒரு ரொட்டி போனது. பரவாயில்லை.

17.06.2025 செவ்வாய்

இவர் குளியலறையில் விழுந்துவிட்டார். தலையில் ஆறு தையல். இடது மணிக்கட்டு முறிவு. இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பதால் இரத்தம் நிற்கவில்லை. லுத்பியாவின் மனிசன் ராசிக்தான் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினார். நாய் அவருடைய கையை எல்லாம் நக்கிவிட்டது. “பரவாயில்ல அன்ரி, கழுவிக்கொள்ளலாம், நீங்க புக்க எடுங்க, கிளினிக் புக்க,” என்றார். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையைப் படம் பிடித்தார்கள். உள்ளுக்குள் கசிவு இல்லை.

எத்தனை மணிக்கு விழுந்தார் என்று டொக்டர் கேட்டார். ஏழரை என்று சொன்னேன்.

18.06.2025 புதன்

பதிகம் பாடவில்லை. வாய் வரவில்லை.

நிருஷா வீடியோவில் அழுதாள். “சுண்டுதானே அம்மா உங்களைக் கூப்பிட்டது? குரைச்ச உடன நீங்கள் ஓடிப் போயிருக்காட்டி…” ஓம் என்றேன். லுத்பியாவும் அப்படித்தான் சொல்கிறாள். “நானும் கேட்டேன் அன்ரி, சும்மா கத்துதென்டு நெனச்சேன். நீங்க கெட்டிக்காரி, விளங்கிட்டீங்க.”

விளங்கிவிட்டேன். ஓம்.

வீட்டுக்கு வந்தேன், உடுப்பு எடுக்க. சுண்டு குளியலறைக் கதவடியில் படுத்திருக்கிறது. என்னைப் பார்த்து வாலை ஆட்டவில்லை. அல்லது எனக்கு அப்படித் தெரிந்ததோ. சோறு போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

19.06.2025 வியாழன்

கொப்பியில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இருபத்தேழு வருடக் கொப்பி இருக்கிறது, ஒன்றிலும் இல்லை.

சரியாக எழுதுகிறேன்.

பூசைக்கு இருந்தது ஏழு ஐந்து. ஐந்தாம் பாட்டு முடியும்போது குளியலறைப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். வாளி என்று நினைத்தேன். நாய் தள்ளியது என்று. ஆறாம் பாட்டில் குரைத்தது. இந்த முறை வாசற்கதவடியில் இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது. கடற்கரை ரயில் ஒன்று போனது, அந்தச் சத்தத்துக்கு மேலாகக் குரைத்தது. நான் குரலைக் கூட்டிப் பாடினேன்.

ஏழாம் பாட்டில் சுவாமியறைப் படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஒரு நாளும் தாண்டாத நாய். பாயில், என் மடிக்கு நேரே, இவருடைய கண்ணாடியைப் போட்டது. வியாபாரம் என்று நினைத்தேன். பூசை நேரத்தில், படி தாண்டி வந்து, பிஸ்கட் கேட்கிறது என்று. கண்ணாடியைக் கையால் ஒதுக்கினேன்.

கண்ணாடி ஈரம். கையில் குளிக்கிற சவர்க்கார மணம்.

அது நாயின் எச்சில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதத்தான் வேண்டும். தெரிந்துகொண்டு எட்டாம் பாட்டைத் தொடங்கினேன். முப்பத்திரண்டு நாள் முடிந்த நேர்த்தி. இன்னும் நாலு பாட்டு. இப்போது எழும்பினால் முதலிலிருந்து. எல்லாம் இவருக்காகத்தானே என்று… இவருக்காகவாம்!

பதினொன்றும் முடித்து, தீபம் காட்டி, திருநீறு பூசி, நாய் மிதித்த இடத்துக்கு மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டுத்தான் எழும்பினேன். மஞ்சள் தண்ணீர். அப்போது ஏழரை.

பாட்டுக் கணக்கில் பார்த்தால் விழுந்தது ஏழு பதினாறு. பதினாலு நிமிடம். டொக்டருக்குச் சொன்ன கணக்கில் அந்தப் பதினாலு நிமிடமும் இல்லை.

இவருக்குத் தெரியாது. மயங்கிக் கிடந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும், முருகா.

20.06.2025 வெள்ளி

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். லிஃப்ட் இன்று வேலை செய்கிறது. நாய் இவருடைய கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறது.

அனுஜனுக்குத் தொலைபேசி எடுத்தேன், ஞாயிறு கட்டாயம் வரச்சொல்லி. நிருஷாவுக்கு விளங்கவில்லை. “இப்பவுமோ அம்மா? அப்பாவைக் காப்பாத்தின நாயை?” நோயாளி இருக்கிற வீடு, மயிர் கொட்டும், துப்புரவு வேண்டும் என்றேன். எல்லாம் உண்மைதான். ஒவ்வொன்றும் உண்மை.

அது என்னைப் பார்க்கிறது. அதுதான் கண்டது.

22.06.2025 ஞாயிறு

அனுஜன் பத்து மணிக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். நாயின் தட்டு, போர்வை, தடுப்பூசிக் காட் எல்லாம் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தேன். அவன் கையை நீட்ட, சுண்டு கட்டிலிலிருந்து இறங்கி, முதலில் இடது காலை நொண்டியது. அவன் தூக்கப் போக வலது காலையும். பிறகு பின்னங்கால் ஒன்றையும் இழுத்தபடி அறையைச் சுற்றி வந்தது.

“என்னண்ணை, நொண்டி நாயை என்ர தலையில கட்டப் பாக்கிறியளோ?”

இவர் சிரித்தார். தையல் இழுத்திருக்கும், தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு சொன்னார்: “அனுஜன், குறை நினைக்காதையும். நாய் போகாது.”

நான் குசினிக்குள் போய்விட்டேன். அனுஜன் போன சத்தம் கேட்டது. பிறகு, “இஞ்சேரும், வந்து இரும்,” என்றார்.

இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பைப் திறந்தபடி கிடந்தது. கூப்பிட்டனான், சத்தம் வெளியில வரேல்ல. நீர் பாடுறது எனக்குக் கேட்டது. அஞ்சாம் பாட்டு முடியிற இடம். சுண்டு வந்து முகத்தை நக்கிப் பாத்துப்போட்டுக் குரைச்சது. நீர் வரேல்ல. அதுக்குப் பிறகுதான் கண்ணாடியைக் கழட்டி அதின்ர வாயில குடுத்தனான். கண்ணாடி எண்டால் ரெண்டு பிஸ்கட்டெல்லோ, நேரா உம்மட்டை ஓடும் எண்டு தெரியும்.”

அனுப்பியது இவர்.

நாய் களவெடுக்கவில்லை. இவர் கொடுத்து விட்டிருக்கிறார். அந்த ஈரக் கண்ணாடி எனக்கு வந்த கடிதம், நான் கையால் ஒதுக்கினேன்.

“பிறகு எண்ணிக்கொண்டு கிடந்தனான். எட்டு, ஒன்பது எண்டு. ஒன்பதாம் பாட்டில ஒரு வரியை மாறிப் பாடினீர். தெரியுமோ?”

தெரியும் என்றேன்.

“ஒரு நாளும் மாறமாட்டீரே. அப்ப இவளுக்கு விளங்கியிட்டுது, இப்ப வருவாள் எண்டு நினைச்சன். நீர் பத்தைத் தொடங்கினீர்.”

அழுகை வந்தது. இவருடைய முறியாத கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இத்தனை நாளும் சொல்லேல்ல என்று கேட்டேன்.

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்தனான்,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பிறகு, “சரி, அழாதையும். அதுக்கு ரெண்டு பிஸ்கட் குடுபட வேணும்,” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். சுண்டு இரண்டையும் தின்றுவிட்டு, கால் நாலும் சுகமாகி, வாசலுக்குப் போய்ப் பைக்குள் இருந்து தன் போர்வையைத் தானே இழுத்துக்கொண்டு வந்தது.

24.06.2025 செவ்வாய்

கோவிலுக்குப் போனேன். அருச்சனை முடிந்து ஐயரிடம் கேட்டேன், பதிகத்தின் நடுவில் எழும்பினால் முதலிலிருந்துதான் பாட வேண்டுமோ, நேர்த்தி பழுதாகிவிடுமோ என்று.

“ஆரம்மா உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?”

ஆர் சொன்னது? வீட்டுக்கு வந்து அலுமாரியிலுள்ள புத்தகம் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எல்லாம் நானாகக் கூட்டி வாசித்துப் படித்தது. ஒன்றிலும் அப்படி இல்லை. கொப்பியின் முதற் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. சிவப்புப் பேனையால், அடிக்கோடு போட்டு. என் கையெழுத்து.

25.06.2025 புதன்

நிருஷாவுக்குச் சொல்லிவிட்டேன். பதினாலு நிமிடத்தையும். “சாப்பிட்டீங்களோ அம்மா?” என்று கேட்டாள்.

02.07.2025 புதன்

நாற்பத்தெட்டாம் நாளாக இருந்திருக்க வேண்டியது. சும்மா விளக்கு மட்டும் வைத்தேன்.

07.07.2025 திங்கள்

கிளினிக். இப்போதைக்கு வெட்டத் தேவையில்லையாம். குளிசையோடு ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். எந்தக் கணக்கில் இதை எழுதுவது? முப்பத்துமூன்று நாளுக்கா? அல்லது அதை விட்டதற்கா?

விழுந்தது ஏழு பதினாறு என்று இந்த டொக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, புத்தகத்தில் எழுதவும் இல்லை. இவர்தான் பார்த்தார்.

11.07.2025 வெள்ளி

திரும்பத் தொடங்கியிருக்கிறேன். நேர்த்தி இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பாயைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். சுவாமிக்குப் பக்கப்பாடாகத்தான் இருக்கிறது, ஆனால் குளியலறைக் கதவு தெரியும்.

மூன்றாம் பாட்டில் வாசலில் குரைத்தது. எழும்பிப் போனேன். ஒருவரும் இல்லை. ஒரு ரொட்டி போய்விட்டது.

ஏழாம் பாட்டில் கண்ணாடியோடு வந்து படியில் நின்றது. எழும்பினேன். முழங்கால் சத்தம் போட்டது. இவர் கட்டிலில் பேப்பரை விரித்தபடி, “பொய்தான், நான் குடுக்கேல்ல, களவெடுத்தது,” என்றார்.

கண்ணாடியை மணந்து பார்த்தேன். சவர்க்கார மணம் இல்லை.

இரண்டு பிஸ்கட். வந்திருந்து, ஏழாம் பாட்டில் விட்ட வரியிலிருந்து பாடினேன்.