வியாழக்கிழமைச் சந்தை

உன் மெழுகு பூசிய பச்சைக் கோட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் அறைந்தது. மெழுகு, நனைந்த நாய், ஆட்டுக் கொட்டகை எல்லாம் சேர்ந்த வாடை. பினாங்கு வெக்கையில் மெழுகு இளகி, பக்கத்தில் தொங்கிய என் பட்டுச் சேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ கொடுத்தபோதே சொன்னேன், "இதப் போட்டுக்கிட்டு ஜெலுத்தோங்ல பஸ்ஸுக்கு நின்னா என்னையக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துருவாங்கலா" என்று. நீ கேட்கவில்லை. எதைத்தான் கேட்டாய்?

கோட்டை வெயிலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாடை மட்டும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சர்ச்சில் உன் பெயருக்குப் பூசை கொடுத்துவிட்டேன். ஆனால் உன்னோடு எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது, அதைப் பூசையில் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காகப் போனேன். நீ நர்ஸ் வேலை படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினாய். மூன்று வருஷத்தில் வந்துவிடுவேன் என்றாய். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டு, கடைசியில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் வேலையில் அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தாய். அதன் பெயரைச் சொல்லும்போது அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே நீயும் பாதி எழுத்தை முழுங்குவாய். "நம்ம தாசேக் கெலுகோர் மாதிரிதான்டி, ரப்பர் மரத்துக்குப் பதிலா ஆடு" என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதானா, இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய் என்று சிரித்தேன்.

பிறகு பார்த்தால் நீ அந்த ஊருக்கே வாக்கப்பட்டுவிட்டாய். கல்யாணம்தான் செய்யவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் ஊர்க்கதைதான். யாரோ ஒரு ராஜா வாரம் ஒருநாள் சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று முத்திரை போட்டுக் கொடுத்தாராம். அதிலிருந்து எழுநூறு வருஷமாக வியாழன் தவறியதே இல்லையாம். கம்பளி விற்ற பணத்தில்தான் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டினார்களாம். சதுக்கத்து நடுவில் கல்தூண்கள் மேல் ஒரு கூரை. பண்ணைப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் கொண்டுவந்து அதன் நிழலில் விற்பார்களாம். ஆடுகளைக் கட்டிய இரும்பு வளையங்கள் மதுக்கடைச் சுவரில் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. அந்த வளையத்தை எனக்குக் காட்டியபோது உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, இவளுடைய பாட்டன்தான் அந்த ஆட்டைக் கட்டினானோ என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம்தான் நான் அங்கே வந்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வருவது என்ற முடிவோடு வந்தேன், அது உனக்கும் தெரியும். இரண்டு பேரும் தனி. என் மகன் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருக்கிறான். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, நினைத்தபோது பாலம் தாண்டி வர முடியாது. என் பிளாட்டில் பின்னறை சும்மா கிடந்தது. சன்னலைத் திறந்தால் கடல். ஒரு மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நீ கேட்டுவிட்டு, "வியாழக்கெழம சந்தைய ஒரு தடவ பாரு, அப்பறம் பேசுவோம்" என்றாய்.

போனோம். குளிரில் என் பல் தந்தி அடித்தது, அப்போதுதான் இந்தக் கோட்டை என் தலையில் கட்டினாய். சதுக்கம் முழுக்க கோடுபோட்ட துணிப் பந்தல்கள். கடற்கரையிலிருந்து விடிவதற்குள் வேன் ஓட்டி வந்த மீன்காரன் கோலின், பாலாடைக்கட்டி விற்கும் சிவந்த கன்னத்துக்காரி, பூச்செடி விற்கிறவன். எல்லாரும் உன்னை 'சிஸ்டர்' என்றார்கள். நீ நம் ஊர்க் கெம்போங் மீன் மாதிரி ஒன்றைக் காட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து, நம் பாசார் மீன்கடையில் செய்வது போலவே முகத்தைச் சுளித்தாய். கோலின் சிரித்துக்கொண்டே ஐஸுக்கு அடியிலிருந்து வேறு மீனை எடுத்தான்.

ஊர்க்கல் ஒன்றுக்கும் அன்றுதான் கூட்டிப்போனாய். ஊர் எல்லையில், நடுவில் குழிந்த ஒரு கல். கொள்ளைநோய் வந்த காலத்தில், காசில் நோய் ஒட்டாதிருக்க அந்தக் குழியில் காடியை ஊற்றி வைப்பார்களாம். ஊர்க்காரர்கள் அதில் காசைப் போட்டுவிட்டு விலகிப்போவார்கள். பண்ணைக்காரர்கள் வந்து சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு வாரம் ஊர்ப் பக்கம் ஆள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. "அப்பக்கூடச் சந்தைய நிறுத்தலடி" என்றாய். யார் வரவில்லை என்று பார்த்துத்தான், யார் வீட்டில் சாவு என்று பண்ணைக்காரர்களுக்குத் தெரியுமாம்.

திரும்பி வந்தபோது கோலின் கடையில் ஆள் இல்லை. மீன் பரப்பியபடியே கிடந்தது. புகைபோட்ட மீனை வாராவாரம் வாங்கும் கிழவர் ஒருவர் மதியம் ஆகியும் வரவில்லை என்று, கையைத் துடைத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போயிருந்தான். நீயும் ஓடினாய், நானும் பின்னால் ஓடினேன். மனிதர் குளியலறையில் விழுந்து, இடுப்பு பிசகி, முந்தின நாளிலிருந்து கிடந்திருக்கிறார். கோலின் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். நீ தரையில் மண்டியிட்டு அவர் நாடியைப் பிடித்தாய்.

ஆம்புலன்ஸ் போன பிறகு நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "இங்க ஒரு வியாழக்கெழம வரலன்னா வந்து தட்டிருவாங்க. சந்த நடக்கற ஊருல அது வழக்கம். உன் பிளாட்டுல யாருடி தட்டுவா?"

எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கம்பிக் கதவு, அதற்குள் இன்னொரு கதவு. எதிர்வீட்டுச் சீனக் கிழவி இறந்ததை லிஃப்டில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "அதோட, இந்த ஊருல பாதிப் பேர என் கையாலதான் வெளிய எடுத்தேன். அங்க வந்தா நான் யாருலா?" என்றாய். நீ ஜெயித்துவிட்டாய். நான் தனியாக விமானம் ஏறினேன்.

அதற்கப்புறம் வியாழன் வியாழன் போன். உனக்குச் சந்தை முடிந்த நேரம், எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். கோலின் என்ன மீன் கொண்டுவந்தான், பாலாடைக்கட்டிக்காரியின் மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, காற்றில் எவன் பந்தல் பறந்தது, எல்லாம் சொல்வாய். நானும் வாரம் தவறாமல் கேட்பேன், "எப்ப வர்ற?" "தட்ட ஆள் இருக்கறவரைக்கும் வரமாட்டேன்லா" என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய்.

போன வருஷம் ஒரு வியாழன் நீ எடுக்கவில்லை. சந்தையில் பேச்சு நீண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். நடுவில் இரண்டு முறை அடித்தேன், மணி மட்டும் போனது. அடுத்த வியாழனும் எடுக்கவில்லை. ஆனாலும், ஏதாவது என்றால் கோலின் தட்டியிருப்பானே என்ற தைரியத்தில் படுத்துத் தூங்கினேன். அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தவள் நீ.

யாரும் தட்டவில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள்தான், கதவுத் துவாரத்தில் கடிதங்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே கிடந்திருக்கிறாய். இரண்டு வாரம் இருக்கும் என்றார்கள். விழுந்த உடனே உயிர் போகவில்லை என்பதையும், நான் கேட்டதால், சொன்னார்கள். கேட்டிருக்கக் கூடாது.

மகன் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். அடக்கத்துக்கு முந்தின நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. நேரே சந்தைக்குப் போய் அந்த மீன்காரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்பது என்று கிளம்பினேன். சதுக்கத்தில் கார்கள் நின்றன. வரிசை வரிசையாகக் கார்கள், கட்டணம் வாங்கும் ஒரு இயந்திரம். வெண்ணெய் விற்ற மண்டபத்துக்குக் கீழே மூன்று பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வங்கி மூடிக் காப்பிக் கடையாகியிருந்தது, அந்தக் காப்பிக் கடையும் மூடியிருந்தது. திறந்திருந்தவை பழைய துணி விற்கும் தருமக் கடைகள்தான். ஒன்றில் நுழைந்து, சந்தை எங்கே மாறிவிட்டது என்று கேட்டேன்.

"மாறலம்மா, நின்னுபோச்சு. ஒன்றர வருஷத்துக்கு மேல ஆச்சே" என்றாள் கடைப்பெண். அவள் பேசியது இங்கிலீஷ். உனக்கு எழுதும்போது அவளும் தமிழிலேயே பேசட்டும்.

புறவழிச் சாலையில் பெரிய சூப்பர்மார்க்கெட் வந்ததாம். கடை போடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்களாம். கவுன்சிலில் கை தூக்கி, கார் நிறுத்தினால் வருமானம் கூடுதல் என்று முடித்துவிட்டார்களாம். கொள்ளைநோய் நிறுத்தாததை ஒரு கூட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் அந்தக் கடையில், யாரோ போட்டுக் கழித்த கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் எனக்குச் சொன்ன மீன், கல்யாணம், பறந்த பந்தல் எல்லாம்? ஒன்றரை வருஷம் வாராவாரம் எனக்காக ஒரு சந்தையையே கட்டி விற்றாயா?

ஏன் என்று இன்றைக்கும் கேட்கிறேன். ஜெயித்த வழக்கில் தோற்க உனக்கு மனசில்லை, அது ஒன்று. சொல்லியிருந்தால் மறுநாளே வந்து உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும். அங்கே சிஸ்டராகச் சாவதா, இங்கே என் பின்னறையில் விருந்தாளியாக இருப்பதா என்று வந்தபோது நீ எதை எடுத்தாய் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தால் கோபம் தீர்ந்துவிடுமா? தீரவில்லை. உன்மேல் எனக்கு இன்னமும் கோபம்தான்.

அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். மூன்று ஊருக்கு ஒரே சாமியார், அவரும் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் கையால் வெளியே எடுத்த குழந்தைகள் எல்லாம் வளர்ந்து நகரத்துக்குப் போய்விட்டார்கள் போல. கல்லறைத் தோட்டத்து வாசலில் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு ஒரு ஆள் நின்றான். மீன் வாடை முதலில் வந்தது, பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. பேப்பரில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, கடற்கரையிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். சந்தை நின்றபின் அந்த ஊர்ப் பக்கமே வரவில்லையாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டுகிறவர்கள் ஒருவரும் அந்த ஊரில் குடியிருந்தவர்கள் இல்லை. எல்லாரும் வியாழக்கிழமை வந்து போகிறவர்கள்.

சட்டையைப் பிடிக்க வந்தவள் நான். அவன் முந்திக்கொண்டான்.

"நீங்கதான் பினாங்குத் தோழியா?"

"ஆமா."

"கடைசிச் சந்த அன்னிக்கு அவங்களக் கேட்டேன், இனிமே உங்கள யாரு சிஸ்டர் பாப்பாங்கன்னு. 'நான் ஊருக்கே போறேன், தோழி வீட்டுல ரூமு ரெடியா இருக்கு, சன்னலத் தொறந்தா கடலு'ன்னாங்க. எல்லாருக்கும் கை குடுத்தாங்க. நாங்களும் நிம்மதியாப் போனோம்." அவன் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தான். "போகலியா அவங்க? இத்தன நாளும் இங்கதான் இருந்தாங்களா? தெரிஞ்சிருந்தா வேன எடுத்துக்கிட்டு வந்து தட்டிருப்பனே."

எனக்குச் சொன்னது, சந்தை இருக்கிறது என்று. சந்தைக்காரர்களுக்குச் சொன்னது, நான் இருக்கிறேன் என்று. யாருக்கும் உன்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாய். கோலினுக்கும் நம் வயதுதான் இருக்கும். அவனைத் திட்ட வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"வந்தாளே" என்றேன். "வந்து என்கூடத்தான் இருந்தா. வீட்ட விக்கணும்னு இப்பத்தான் திரும்பி வந்தா. வந்த எடத்துல இப்பிடி ஆயிப்போச்சு."

"அப்பக் கடலப் பாத்தாங்களா?"

"தெனமும் பாத்தா. காலையில எந்திரிச்சதும் சன்னல்லதான் நிப்பா."

அவன் மூச்சை விட்டான். என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். வேனில் ஏறி, சன்னலைத் திறந்து ஒருமுறை கையசைத்துவிட்டுப் போனான்.

விமான நிலையத்தில் காரை நிறுத்திய பிறகுதான் மகன் கேட்டான், "ஏம்மா அந்த ஆளுகிட்டப் பொய் சொன்னீங்க? ஆன்ட்டி ஒரு நாள்கூட நம்ம வீட்டுக்கு வரலியே."

"நான் ஒருத்தி தூங்காம இருந்தாப் போதும்லா தம்பி. அவனும் எதுக்கு?" என்றேன்.

இன்றுவரை கோலின் தூங்குகிறான் என்றுதான் நினைக்கிறேன்.