ஓரத்தில் விரல் நுழையாத வளைவு

இன்று காலை சார் ஏதோ பழைய பிளானைத் தேடி பீரோவைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது. கீழ்த்தட்டில் நம் எல்லாருடைய சான்றிதழ்க் கவர்களும் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது உன்னுடையது. நீல மையில் உன் பெயர், பக்கத்தில் நீயே வரைந்த ஒரு குட்டிப் பூட்டு. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கவர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. சேருகிற அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருடம் முடிந்தால்தான் கையில் வரும். நான் சேர்ந்த அன்று என் கவரை சார் உள்ளே வைத்துப் பூட்டியதும் நீ என் காதில், "உள்ள போயாச்சா? இனிமே நீயும் நானும் ஒரே ஜெயிலு" என்றாய். பெரம்பலூரில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

நான் சேர்ந்த ஏழாவது மாதம் அந்தக் கல்யாண மண்டப வேலை வந்தது. மாடிக்கு மேல் ஏறக்குறைய அரைவட்டமாக ஒரு தகரக் கூரை. அதைத் தாங்க வளைவு ட்ரஸ்கள், மேலும் கீழும் இரண்டு இரும்பு பைப்பை வளைத்து நடுவில் குறுக்குப் பைப் கோத்த சட்டங்கள். அதுவரை கம்ப்யூட்டரில் சுவரும் ஜன்னலும் வைக்க மட்டுமே எனக்குத் தெரியும். உனக்கோ இரண்டு வருடம் முடிய பதினைந்தே நாள் இருந்தது. ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. "ட்ரஸ்ஸ நீ போடுடி, நான் பாத்துக் குடுக்கறேன்" என்றாய். பார்க்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை. கேட்க எனக்குக் கூச்சம்.

மூன்று புள்ளிகளைத் தொட்டு மேல் பைப்பை வளைத்தேன். அழகாக வந்தது. அதே வளைவை நகலெடுத்து இரண்டடி கீழே இறக்கி, அதுதான் கீழ் பைப் என்று வைத்தேன். நடுவில் அளந்தேன், இரண்டடி சரியாக இருந்தது. குறுக்குப் பைப்புகளைக் கோத்துத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திரையில் சுழலும்போது எதுவுமே தப்பாகத் தெரிவதில்லை.

எட்டு ட்ரஸ்ஸுக்கும் பைப்பை வளைத்த பிறகுதான் வெல்டர் போன் செய்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நடுவுல நானே படுத்துத் தூங்கலாம் போல இருக்கு. ஓரத்துல விரலு கூட போவல. எங்கேருந்து வெல்டு வெக்கிறது? எலி கையில ராடு குடுத்து அனுப்பட்டுமா?"

சார் நம் இருவரையும் பார்த்தார். "யாரு போட்டது இத?"

நான் நிறையப் படிக்கிறவள் என்று நீ ஊரெல்லாம் சொல்வாய். அன்று மேசை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"நான்தான் சார்" என்றாய் நீ.

"போற அவசரத்துல போட்டியாக்கும்? இன்னும் ஆறு மாசம் இருந்து, ஒழுங்கா வேல செஞ்சு குடுத்துட்டுப் போம்மா" என்றார். பீரோ சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் உன் கையிலிருந்து இரண்டு வளையல்களைக் கழற்றினாய். என் மடியிலிருந்த புத்தகத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்தாய். மேலே இடைவெளி விழுந்தது. பக்கங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"இதான் நீ செஞ்சது. உள்ள வரது சின்ன வளையலா இருக்கணும்டி. ஒரே சைஸ எறக்கி வெச்சா ஓரத்துல மூச்சு வுட எடமிருக்காது."

"நாளைக்கு சார்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னா உன்ன அனுப்பிடுவாரு. மறுநாளே உங்க வூட்ல மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்குக் காப்பி ஆத்துவாங்க. எனக்கு ஆறு மாசந்தான, வுடு."

அதன் பிறகு நான் இறங்கும் அரியலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். நீ தியாகியெல்லாம் இல்லை. அடுத்த ஒரு வாரம் டிபன் பாக்ஸை எதிர் மூலையில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டாய். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நானும் இருந்தேன். கோயம்புத்தூர் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அந்த ஆறு மாதத்தில் நான்காவது மாதம், பஸ்ஸை விட்டுவிட்டதால் உன் அண்ணன் வண்டியில் போனாய். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி. அண்ணன் பிழைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் நீ கோயம்புத்தூரில் இருந்திருக்க வேண்டியவள். இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கமிருந்து போட்டாலும் என் மடியில் இருந்த கைகளில்தான் வந்து முடிகிறது.

இன்று பீரோ திறந்தே இருந்தது. எழுந்து போய் நின்றேன்.

"சார், அந்த ட்ரஸ் நான் போட்டது."

"எந்த ட்ரஸ்?"

"மண்டபத்து வளைவு சார். அவ போடல."

கொஞ்சம் யோசித்தார். "அதான் அப்பவே ஓரத்த வெட்டி மாத்திட்டமே. இப்ப எதுக்கும்மா அது?"

அவருக்கு நினைவில்லை. உன் ஆறு மாதம் அவருக்கு நினைவில்லை. உன் கவரை உங்கள் வீட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். "குடுத்துரு, பாவம்" என்றவர், "உனக்கும் போன மாசமே ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சுல்ல? வேணும்னா உன்னோடதையும் எடுத்துக்க" என்றார். ஒரு மாதமாக நான் கேட்கப் பயந்தது அவ்வளவுதான்.

இரண்டு கவர்களும் இப்போது என் மடியில். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் கவரோடு இனி எந்த வேலைக்குப் போகப்போகிறேன் என்று தெரியாது. நாளைக்கும் அதே நாற்காலிக்குத்தான் போவேனோ என்னவோ. பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட், எங்கே வளைவான கூரையைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. அங்கே ஒரு கை நுழையுமா என்று பார்க்கிறேன்.

அரியலூர் வந்துவிட்டது. நான் இறங்கவில்லை. டிக்கெட் உன் ஊருக்கு, ஜெயங்கொண்டத்துக்கு எடுத்திருக்கிறேன். வழியில் அந்த மண்டபம் வரும், நீ போனபின் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. கவரைப் பார்த்ததும் உன் அம்மா அந்தப் பூட்டைத் தடவிப் பார்ப்பார்கள். அப்போது, இது ஏன் அந்தப் பதினைந்தாம் நாளில் வெளியே வரவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும். இந்த முறை கைகளை மடியில் ஒளிக்க முடியாது. இரண்டு கைகளிலும் நீ இருக்கிறாய்.