பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம்

கடுகண்ணாவை,
புதன்கிழமை

அன்புள்ள தவமணிக்கு,

பலாலி விமான நிலையத்திலிருந்து நீ இருக்கும் திருச்சிக்கு ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணித்தியாலம். இங்கிருந்து பலாலிக்குப் பேருந்தில் போகத்தான் ஒரு முழுப் பகல் வேண்டும். எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்றைய விமானம் ராகு காலத்தில் புறப்படுவதைக் கண்டு, பயணச்சீட்டை நாளைக்கு மாற்றினேன். மகளிடம், இடம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அழைத்தாள்.

"அப்பா, நேற்றுப் பின்னேரம் முழுக்க அம்மா 'அவர் வந்திட்டாரோ' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. இண்டைக்குக் கண்ணே முழிக்கேல்ல. இனி ஒண்டும் செய்ய ஏலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

உன்னிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் இதை அவள்தான் உன் காதருகே வாசிக்க வேண்டும். அவளிடம் இதை எப்படி நீட்டுவேன்?

இங்ஙனம்,
உன் கணவன்