பம்பு போடாமலே ஏறிய முள்

இன்று காலை, அழுத்தச் சோதனைக்காக, வெசல் என்கிற பெரிய இரும்புக் கலத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேல்வால்வு வழியே வெளியேறிய காற்றில் துருவும் ஈரமும் கலந்த அந்த வாடை. உன் ஞாபகம் வந்தது.

நம் இருவருக்கும் தடாவில் ஒரே அறை, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரே சோதனைப் பிரிவு. நீ எதற்கும் பயப்படுவாய்: இடி, பல்லி, லிஃப்ட். நான் சிரிப்பேன்.

ஒருமுறை திருப்பதி பக்கம் ஒரு ஆலைக்கு நம்மை அனுப்பினார்கள். அங்கே வெசலை ஏற்கெனவே நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வரைபடத்தில் இருந்த நாலு பார் சோதனை அழுத்தமோ, படுக்கவைத்துச் சோதிப்பதற்கானது. தண்ணீர் நிரம்ப நிரம்ப அடியில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறியது. பம்பை யாரும் தொடவில்லை.

"கேஜ் பாடைபோயிந்தி," என்றார் சூப்பர்வைசர். கேஜ் கெட்டுப்போச்சு என்று தெலுங்கில் சொன்னார். பாடை என்பது மட்டும் என் தமிழ்க் காதில் வேறு மாதிரி விழுந்தது. அடி கேஜைக் கழற்றிவிட்டு, உச்சியிலுள்ள கேஜைப் பார்த்து அழுத்தம் ஏற்றச் சொன்னார். உச்சியில் முள் பூஜ்யத்தில் நின்றது.

"கேஜ் சரியாத்தான் காட்டுது சார்," என்றாய். "பதினஞ்சு மீட்டர் தண்ணி நின்னுக்கினு இருக்கு. அந்த வெயிட்டே அடியில ஒன்றரை பார். மேல நாலு வந்தா கீழ அஞ்சரை. அடி மேன்ஹோல் தாங்குமான்னு யாரும் கணக்கு போடலயே."

அவருக்கு மேலிடத்திலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. என் கை பம்பு சுவிட்சின் மேல் இருந்தது. "போடும்மா," என்றார்.

நீ ஓடிப்போய், அடியில் ஆள் நுழையும் வழியை அடைத்திருந்த அந்த மேன்ஹோல் மூடிக்கு நேர் எதிரே நின்றாய்.

"ஏய், வந்துருடீ!" என்று கத்தினேன்.

"வரமாட்டேன். பயமா இருக்கு, அதான் நிக்கிறேன். நான் இங்க நின்னா நீங்க பம்பு போடமாட்டீங்க இல்ல?"

சுவிட்சிலிருந்து கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் டிசைன் பிரிவுக்கு ஃபோன் போட்டார். "நிக்கவெச்சா பண்றீங்க? அடிப்பக்கம் தாங்காது, நிறுத்துங்க!" என்று அந்தக் குரல் அலறியது நம் எல்லாருக்கும் கேட்டது. நீ ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாய்.

பிறகு கிரேன் வைத்து இறக்கிப் படுக்கவைத்துச் சோதித்தோம். நாலு பாரை நெருங்கும்போதே அந்த மூடியின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஊசிபோல் பீய்ச்சி, எதிரே கிடந்த தகரத்தைப் படபடவென்று அடித்தது. இன்னும் ஒன்றரை பார் இருந்திருந்தால்? சூப்பர்வைசர் தன் தண்ணீர் பாட்டிலை உன்னிடம் நீட்டினார். நீ குடிக்க முடியாமல் அதைப் பிடித்தபடியே இருந்தாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "பயமா இருக்குடீ," என்றாய். "ஒண்ணும் ஆவாது," என்றேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இன்றைய வெசலும் நிற்கிறது. நின்றபடியே சோதிக்கலாம், அடிப்பகுதி தாங்கும் என்று இந்த வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பயம் விடவில்லை. முன்பென்றால் மறைத்திருப்பேன்.

"எனக்கு பயமா இருக்கு," என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "தள்ளிப் போய் நில்லுங்க. இன்னொரு வாட்டி கணக்கு போடறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் போய்க் காத்திருந்தார்கள். நான் தண்ணீரின் உயரத்திலிருந்து கணக்கைத் தொடங்கினேன்.