நடவுக்குப் போகாத வாரம்

என் ஆசைச் சகாயம்,

தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகுமாக நம் வாய்க்காலில் அது ஓடிவந்தபோது உன்னைத்தான் தேடினேன். முதலில் காலை நனைப்பவள் நீதானே?

வரப்பில் பழைய சோறு சாப்பிட்டபடியே நாம் சம்பந்தம் பேசி முடித்தோம். உன் மகள் செல்வியை என் மகனுக்குக் கட்டிய பிறகு, ஊருக்கு முன்னால் "வாங்க சம்பந்தி" என்பாய். சேற்றில் இறங்கியதும், "ஏடி ரோஸு, குனியிறியா, கும்பிடுறியா?" என்பாய். அந்தக் கேலி இல்லாமல் எனக்குக் கையே ஓடுவதில்லை.

எனக்குக் குடலிறக்கமாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த வருஷம் வயலில் இறங்க முடியாது என்கிறார் டாக்டர். காப்பீட்டு அட்டை எடுக்கச் சொல்லி அன்றைக்குச் செல்வி நச்சரித்தாளே, நினைவிருக்கிறதா? "உக்காந்து திங்கிறவளுக்குத்தான் கார்டு. நாம நடவாளுங்கடி!" என்று நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். பிறகு நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டே ஒரு போகம் நட்டாய். அடுத்த போகத்துக்கு நீ இல்லை. ஏன் சகாயம்?

நம் பேத்தி கிரேசி நர்சுக்குப் படிக்கிறாள். வெள்ளை உடுப்பில் அவளை நீ பார்க்க வேண்டும்! அவள்தான் என்னைக் காப்பீட்டு அட்டை முகாமுக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த பெண் என்ன வேலை என்று கேட்டாள். நடவு என்றேன்.

"எழுபது தாண்டிடுச்சே பாட்டி! கவர்மெண்டுல அறுபதுக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"என்னை வேலைக்கு வச்சது கவர்மெண்டா, அனுப்புறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கருவியில் என் கைரேகை விழவில்லை. எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாள். சேறு ரேகையைத் தின்றுவிட்டதாம். "ஒரு வாரம் நடவுக்குப் போகாம, எண்ணெ தேச்சுட்டு வாங்க" என்றாள்.

குறுவை நடவின் முதல் வாரம்! அஞ்சாம் வகுப்போடு நம் இருவரையும் நாற்றங்காலுக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் தவறவிடாத வாரம். வரப்போரத்து முதல் இடம் என்னுடையது. எனக்கு அடுத்து நின்று நடும் ராணி அதில் நின்றுவிட்டால் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாற்றை ஊன்றும்போது முதலிடத்தில் நிற்பவள்தான் குலவை போட வேண்டும் இல்லையா? குனிந்த ராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க போடுங்கத்தை. நான் சும்மா எடம் பாத்துக்கிறேன்."

வரப்பிலிருந்தே போட்டேன். உன் குரல் சேராமல் முதலில் மெலிந்துதான் வந்தது. பிறகு செல்வி சேர்ந்தாள். அப்படியே உன் குரல், சகாயம். கொஞ்ச நேரம் யாரையும் என்னால் பார்க்க முடியவில்லை.

வாரம் கழிந்து விரலை வைத்தேன். விழுந்தது. அட்டை வந்துவிட்டது, ஆபரேஷனுக்குக் கிரேசி கூட இருப்பாள். ராணியையும் முகாமுக்கு வரச் சொன்னேன். நீ சொன்னதையே அவளும் சொல்கிறாள். விடுவேனா? நடவாளுக்குத்தான்டி முதலில் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துப்போகிறேன்.

அடுத்த குறுவைக்கு வாய்க்காலில் முதல் கால் என்னுடையது. உனக்கும் சேர்த்து நனைத்துக்கொண்டுதான் வயலில் இறங்குவேன்.

சேற்றில் ரோஸு, ஊருக்கு முன்னால் உன் சம்பந்தி,
ரோஸ்மேரி