பாப்பா சட்டைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். மாமாவுக்கு இருமல் தணிந்ததா? பாப்பா சோற்றை மென்று விழுங்குகிறாளா, இன்னும் கன்னத்திலேயே அடக்கிக்கொள்கிறாளா?

உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் கிரிப்டோ காயின் எடுக்கப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, அது ஓடுகிறது. வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள், கடுகளவுகூடத் தேறாது. என் அறையில் இருக்கும் நர்ஸ் பெண், "அக்கா, இது காசு அடிக்குதோ இல்லையோ, நல்லா காத்தடிக்குது!" என்று கிண்டல் செய்கிறாள். நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவள். அதன் குட்டி விசிறி இரைகிறதே என்று, தலையணைக்கடியில் வைத்திருக்கும் பாப்பாவின் சட்டையை எடுத்து மெஷின்மேல் சுற்றிவிட்டுக் குளிக்கப் போனேன். படித்தவள் செய்கிற காரியமா! காற்றில்லாமல் சூடேறி அதுவே அணைந்துவிட்டது. பயப்படாதீர்கள், தீயுமில்லை, புகையுமில்லை.

அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மேலாளர் சிரிக்கவில்லை. "அதை நீங்களே செட் பண்ணீங்களா?" என்று கேட்டு, சர்வர் பிரிவு வேலைக்கு என் பெயரைக் குறித்துக்கொண்டார். அந்த வேலைக்குக் குடும்பத்தோடு தங்க வீடு தருகிறார்கள். எனக்குத்தான் கிடைக்கும், பாருங்கள். பாப்பாவுக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

அதுவரைக்கும், இந்தப் பக்கம் யாராவது வந்தால் அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். மெஷினிலிருந்து உருவியபோது, இந்தச் சட்டை, நான் அவளை அப்போதுதான் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. வாசம்தான் போய்விட்டது.

நர்ஸுக்கு இன்று லீவு, விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துகிறாள். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.

பாப்பா அம்மா