படித்தால் நீங்கள் வருவீர்கள் என்று

அன்பு மச்சாள்,

நீங்கள் வந்து இருப்பதற்கென்று அண்ணா டென்மார்க்கின் கோல்டிங்கில் எடுத்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து நீங்கள் இறந்தபோது உங்களுக்குத் தெரியாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

உங்களை அழைக்கும் அனுமதி வராததற்கு அண்ணா தன்னைத்தான் குற்றம் சொன்னார். தன் டேனிஷ் போதாது, அதனால்தான் விண்ணப்பம் நகரவில்லை என்று நம்பினார். அவரும் நண்பர்களும் தொடங்கிய சகோதரர் ஒன்றியம் அந்த நம்பிக்கையில்தான் நடந்தது. தனியாக வந்து சேரும் ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு அண்ணன். டேனிஷ் வகுப்புக்கு வராதவனை எழுப்பிக் கூட்டிவருவது அந்த அண்ணனின் வேலை.

"எழும்படா, நீ நித்திரை கொண்டால் உன்ர அம்மா அங்கதான் இருப்பா" என்று அண்ணா தன் பொறுப்பில் இருந்த ஜூட்டின் போர்வையை இழுப்பார்.

"அண்ணை, இந்தக் குளிருக்குள்ள டேனிஷ்காரனே டேனிஷ் கதைக்கமாட்டான்."

இப்போது அரசாங்க விசாரணையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்களாம். அண்ணாவின் மொழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொலைக்காட்சியில் அந்தச் செய்தியை ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டார். அவ்வளவுக்குப் படித்திருந்தார்.

பிறகு அவர் வகுப்புப் பக்கமே போகவில்லை. ஒரு மாலை ஜூட் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணை, அப்ப நாங்கள் சும்மாவே படிச்சனாங்கள்?"

"ஓம்."

"பிறகேன் என்னைப் போட்டு இழுத்தனீங்கள்?"

"எனக்குத் தெரியேல்லையடா அப்ப."

ஜூட் போகவில்லை. "அம்மாவுக்கு இப்பதான் அனுமதி வந்தது. ஏர்போட்டுக்கு நீங்களும் வாங்கோ. அங்க அதிகாரிமார் ஏதும் கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது."

அவனுக்கு வரும், மச்சாள். அண்ணாவைவிட நன்றாகவே வரும். அது அண்ணாவுக்கும் தெரியும். ஆனாலும் போனார். நானும் போனேன்.

தாயும் மகனும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணா அவர்களின் சூட்கேஸைப் பிடித்தபடி, பயணிகள் வெளியே வரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் வந்த பிறகும் பார்த்தார். அதைப் பற்றி நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டுமா?

ஒன்றியத்தில் இன்னும் பல குடும்பங்கள் வரப்போகின்றன. எல்லோரும் அண்ணாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் போவேன் என்கிறார். ஒவ்வொரு முறையும் நானும் போவேன், மச்சாள். அந்தக் கதவுக்கு முன்னால் அவரைத் தனியே நிற்க விடமாட்டேன்.

உங்கள் முகத்தை மறவாத மச்சாள்,
சுகந்தி